மூன்று பிரதிக்கும் ஒரே நம்பர்

தாட்சாயிணிக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்குக் கங்காதரனின் மேசையையே புரட்டிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கையில் ஒரு பழைய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அட்டை மட்டும்தான் இருந்தது, உள்ளே புத்தகத்தைக் காணோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது அந்த ஸ்கேனிங் கம்பெனி. பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படமெடுத்து, சி.டி.யில் ஏற்றி, ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வேலை. தொண்ணூற்றெட்டில் அது பெரிய விஷயம்! நூலகப் படிப்பு படித்த தாட்சாயிணிதான் விவரப் பதிவுக்குப் பொறுப்பு. நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் தனி நம்பர் வேண்டும், அது யாருடையது, உள்ளே கையால் எழுதிய குறிப்பு உண்டா என்பதும் வேண்டும் என்று அவள் சேர்ந்த அன்றே சொன்னாள்.

"ஒரே புக்கு மூணு வந்தா மூணு என்ட்ரியா? எவன்மா அதையெல்லாம் பாப்பான்? புக்குக்கு ஒரு நம்பர் போடு, போதும்," என்றார் மேலாளர் கங்காதரன். முணுமுணுத்துக்கொண்டே அவளும் அப்படியே போட்டாள்.

வந்தது வினை. குழந்தை வைத்தியப் புத்தகம் ஒன்றுக்கு மூன்று பிரதிகள் வந்து சேர்ந்தன. இரண்டு ஏதோ நூலகம் வேண்டாமென்று கழித்துக் கொடுத்தவை. மூன்றாவது, கரையான்சாவடியில் அவள் தெருவிலேயே இருக்கும் பத்மாவுடையது. பத்மா கைக்குழந்தைகளுக்கு நாட்டு மருந்து கொடுப்பவள். காலமாகிவிட்ட அவள் அப்பாவுக்கும் அதே தொழில்தான். அச்சில் தப்பாக இருந்த அளவுகளையெல்லாம் சிவப்பு மையில் அடித்து, தான் கொடுத்துப் பார்த்துக் கண்ட அளவை அவர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். "பாதிதான் எனக்கு மனப்பாடம். மீதி இதுலதான் கீது. இது இல்லாட்டி எனக்குக் கை ஓடாது," என்று தயங்கியவளிடம், "என் பொறுப்புக்கா, பத்திரமா திருப்பித் தரேன்," என்று கேட்டு வாங்கி வந்தவளே தாட்சாயிணிதான்.

மூன்றும் ஒரே நம்பரில் ஒரே பையில் போய் எத்திராஜிடம் சேர்ந்தன. மெஷினில் தாள் தாளாக ஓடுவதற்காகப் புத்தகத்தின் முதுகை வெட்டுகிறவன் அவன். திருப்பித் தரவேண்டியது என்று தனியாகக் குறித்து வந்தால் மட்டும் வெட்டாமல் விரித்து வைத்துப் படமெடுப்பான். ஒன்றில் பக்கம் கிழிந்திருந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துச் சேர்த்து முழுப் புத்தகமாக்குவது அங்கே வழக்கம். மூன்றையும் வெட்டினான், சுத்தமான தாளாகப் பொறுக்கி மெஷினில் விட்டான், மிச்சத்தை மூட்டை கட்டிவிட்டான். பழைய பேப்பர் லாரி நேற்றே வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"என்கிட்ட இன்னாத்துக்கு மேடம் கத்துறீங்க? மூணுக்கும் ஒரே நம்பரு. கிறுக்கின தாளத் தள்ளிட்டு நல்லதாப் பாத்துத்தான் வுட்டேன்," என்றான் எத்திராஜ். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதில்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கும்மா இந்தக் குதி குதிக்கிற?" என்றார் கங்காதரன். "அதே புக்கு, அதே அச்சு. எங்கயாவது இன்னொரு காப்பி புடிச்சிக் குடுத்துடலாம்."

"உங்க கல்யாண ஆல்பத்தத் தொலைச்சிட்டு வேற எவனோட ஆல்பத்தையாவது குடுத்தா வாங்கிப்பீங்களா சார்? அதுவும் கல்யாணம்தானே!"

அவர் வாயைத் திறப்பதற்குள் பத்மாவே படியேறி வந்துவிட்டாள். புத்தகத்தை இன்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்ததும் தாட்சாயிணிதான். நடந்ததையும் அவளே சொன்னாள். பத்மா அழவில்லை. கம்ப்யூட்டரைக் காட்டி, "இழுப்பு மருந்து பக்கத்தக் காட்டு," என்றாள்.

பக்கம் வந்தது. பளிச்சென்று இருந்தது. சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை.

"அடப்பாவிங்களா! இந்த அளவக் குட்த்தா கொயந்த தாங்குமா? எங்கப்பா வோணாம்னு அடிச்சி வெச்சத எடுத்துப்புட்டு, தப்ப ஊரெல்லாம் அனுப்பப் போறீங்களா?"

தாட்சாயிணி கங்காதரன் பக்கம் பாய்ந்தாள். "கேட்டீங்களா சார்? தலபாடா அடிச்சிக்கிட்டேனே, தனி நம்பர் வேணும்னு..."

"அந்தாள இன்னாத்துக்கு ஏசுற?" என்று பத்மா அதட்டினாள். "அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது. உன்ன நம்பித்தான குட்த்தேன்."

சுருக்கென்று தைத்தது. அந்த ஒரே நம்பரைப் போட்ட கை அவளுடையதுதானே. தாட்சாயிணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பதிவைத் திறந்து தட்டத் தொடங்கினாள். 'பிரதி மூன்று. பத்மா, கரையான்சாவடி. எங்கள் அலுவலகத்தில் வெட்டப்பட்டுக் குப்பைக்குப் போனது. இழுப்பு மருந்துக்கு அச்சில் உள்ள அளவு தவறு, கொடுக்கக் கூடாது.'

"ஏய், அதை அழி! இது வெளியில போறது!" கங்காதரன் கத்தினார்.

அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்களே அழிங்க. இவங்க பாத்துட்டு இருக்கும்போதே அழிங்க."

கங்காதரன் நாற்காலியைப் பார்த்தார், பத்மாவைப் பார்த்தார். உட்காரவில்லை. விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

தாட்சாயிணிக்கு ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது. மறுபடியும் உட்கார்ந்து, 'ஓரக் குறிப்புகள் எழுதியவர்' என்று தட்டியவள் அங்கேயே நிறுத்தினாள்.

"உங்கப்பா பேரு என்னக்கா?"

பத்மா அந்த வெற்று அட்டையைக் கையில் எடுத்தாள்.

"மொதப் பக்கத்துலயே கொட்ட எயுத்துல எயுதியிருந்தாரே," என்றாள். "நீ அதத் தொறந்துகூடப் பாக்கலியா?"