அம்புக்குறியைத் துடைத்தவர்

சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. மொத்த வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பித்தது. இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தவர், வார்டு ஊழியர் அந்தக் காலை மழித்துவிட்டுப் போயிருந்த லட்சணத்தைப் பார்த்தார். அங்கங்கே திட்டுத்திட்டாய் முடி. முப்பது வருஷம் கத்தி பிடித்த மனுஷன் இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் படுத்திருப்பாரா? பையிலிருந்த தன் கத்தியை எடுத்து ஒழுங்காக மழித்தார். உடனே வலது கால் கண்ணை உறுத்தியது. ஒரு பக்கக் கிருதாவை மட்டும் எடுத்துவிட்டு எந்தக் கடையிலாவது ஆளை அனுப்புவார்களா? அதையும் மழித்தார்.

அத்தோடு விட்டாரா? இடது முழங்காலுக்கு மேலே கறுப்பு மையில் ஓர் அம்புக்குறி இருந்தது. காலையில் ஹெட் நர்ஸ் அவசரமாக வந்து போட்டுவிட்டுப் போனது. எந்தக் காலை மழிக்க வேண்டும் என்று ஊழியருக்குக் காட்டத்தான் அது என்று இவராக நினைத்துக்கொண்டார். அவருக்கு உலகமே மழிப்பதைச் சுற்றித்தான் நடக்கிறது! வேலைதான் முடிந்துவிட்டதே, இனி இது எதற்கு? கஸ்டமர் காதோரம் ஒட்டிய டையைத் துடைப்பதுபோல், லோஷனில் பஞ்சை நனைத்துத் தேய்தேய் என்று தேய்த்துக் காலைப் பளிச்சென்று ஆக்கினார். பிறகு திருப்தியாகக் கண்ணை மூடினார்.

மயக்கம் தெளிந்து பார்த்தால் கட்டு வலது காலில் இருந்தது.

அவருடைய மனைவி போட்ட சத்தத்தில் அந்த மாடியே கூடிவிட்டது. "நல்லாயிருந்த காலைக் கீறிட்டாங்களே! இந்த மனுஷன் இனிமே எந்தக் கால்ல நின்னு முடி வெட்டுவாரு?" என்று அந்த அம்மாள் கத்தினார். அம்புக்குறி டாக்டருக்காகப் போட்டது என்று அப்போதுதான் சலூன்காரருக்குப் புரிந்தது.

வழக்குப் போட்டார்கள். வக்கீல் கெட்டிக்காரர்.

"கால்ல மை அடையாளம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

சலூன்காரர் மழித்த காலை வேட்டியால் மூடிக்கொண்டார். "தெரியலைங்க."

"அருமை! இதையே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

மூன்று மாதம் கழித்து விசாரணை. நீளமான மேஜை, அதன் தலைமாட்டில் நடுவர் அம்மா. ஒரு பக்கம் சலூன்காரரும் மனைவியும் வக்கீலும். எதிரே ஆபரேஷன் செய்த டாக்டரும் ஆஸ்பத்திரி வக்கீலும். மேஜைக் கோடியில் தனியாக ஒரு நாற்காலி போட்டு ஹெட் நர்ஸை உட்கார வைத்திருந்தார்கள். சலூன்காரரின் கண் பழக்க தோஷத்தில் அவர் தலைக்குத்தான் போனது. வகிட்டில் இரண்டு விரற்கடை வெள்ளை. மூன்று மாதமாக டை அடிக்கவில்லை, வெளியே தலைகாட்டவும் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வக்கீல் தொண்டையைச் செருமினார். "தப்பு ஆஸ்பத்திரி மேல இல்ல, டாக்டர் மேலயும் இல்ல. ரெண்டு காலும் மழிச்சிருந்துச்சு. ஒண்ணுலயும் அடையாளம் இல்ல. ஆனா இந்த ஹெட் நர்ஸ் அடையாளம் போட்டதா ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க. பொய்க் கையெழுத்து! இவங்களை ஏற்கெனவே வேலையை விட்டு நிறுத்தியாச்சு. இன்னிக்கு இது பதிவாயிட்டா, நர்ஸ் லைசென்ஸும் ரத்தாயிடும்."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று நடுவர் கேட்டார்.

"நான் போட்டேம்மா" என்றார் ஹெட் நர்ஸ். மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். தன்னை யாரும் நம்பப் போவதில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

நடுவர் திரும்பினார். "ஐயா, உங்க காலு. உங்களுக்குத்தான் தெரியணும். அடையாளம் இருந்துச்சா?"

வக்கீல் மேஜைக்கடியில் சலூன்காரரின் செருப்பை மிதித்தார். வாயைத் திறந்தால் கேஸ் போச்சு, இடது காலுக்கான ஆபரேஷன் போச்சு, கடையும் போச்சு. திறக்காவிட்டால் எதிரே இருக்கிற அந்தப் பொம்பளையின் பிழைப்புப் போச்சு. பாவி மனுஷன் மிதிபட்ட செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டார்.

"இருந்துச்சும்மா. அவங்க போட்டாங்க. நான்தான் துடைச்சேன்."

"அடப்பாவி!" என்றார் வக்கீல், தன் கட்சிக்காரரைப் பார்த்தே. மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். சலூன்காரர் கத்தி, பஞ்சு, லோஷன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவர் அம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்போ மொத்தத் தப்பும் இவர் மேலதான்!"

"நீங்க உக்காருங்க. டாக்டர், அடையாளம் இல்லைன்னா நீங்க என்ன செய்யணும்?"

டாக்டர் தன் வக்கீலைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. "நிறுத்தணும். ஸ்கேனைப் பாக்கணும். பேஷன்ட் கிட்டயும் முன்னாடியே கேட்டிருக்கணும். அன்னிக்கு எனக்கு ஏழு ஆபரேஷன். நான் எதையும் பாக்கலை, யாரையும் கேக்கலை."

முடிவு அரை மணியில் எழுதப்பட்டது. மழித்ததும் துடைத்ததும் சலூன்காரர் குற்றம், அதற்காக நஷ்ட ஈட்டில் ஒரு பங்கு குறையும். கேட்காமல் கத்தி வைத்தது டாக்டர் குற்றம், இடது கால் ஆபரேஷனை ஆஸ்பத்திரியே வேறொரு டாக்டரை வைத்துச் செய்து தர வேண்டும். ஹெட் நர்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை.

வராந்தாவில் சலூன்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஹெட் நர்ஸ் நன்றி சொல்ல வருவார் என்று அவருக்குள் ஓர் அசட்டு நினைப்பு.

"மூணு மாசம் வாயில என்ன வச்சிருந்தீங்க?" என்றார் ஹெட் நர்ஸ்.

சலூன்காரர் தலையைக் குனிந்தார். "தப்புதாங்க."

"என் பொண்ணும் நர்ஸிங்தான் படிக்கிறா. அவ கிளாஸ்ல இந்தக் கேஸைப் பாடமா நடத்தியிருக்காங்க. அந்த நர்ஸ் இவளோட அம்மாதான்னு தெரிஞ்சு எல்லாரும் திரும்பி அவளைப் பாத்தாங்களாம். அதுலேருந்து காலேஜுக்குப் போகல. எங்கிட்ட பேசறதும் இல்ல. இப்ப என்னோட வீட்டுக்கு வாங்க. அவகிட்ட சொல்லுங்க."

"வர்றேங்க. எத்தனாவது மாடி?"

"மூணாவது. லிஃப்ட் கிடையாது."

மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஹெட் நர்ஸ் வீட்டு மாடிப்படியில் ஒரு படிக்கு ஒரு முனகலாகச் சலூன்காரர் ஏறினார். கீறின கால் ஒரு பக்கம் இழுக்க, கிழிந்த கால் இன்னொரு பக்கம் குத்தியது. என்ன பேசுவது என்று வழிநெடுக யோசித்து வைத்ததெல்லாம் ஹெட் நர்ஸின் மகள் கதவைத் திறந்ததும் மறந்துவிட்டது.

"உங்கம்மா அடையாளம் போட்டாங்கம்மா. அழிச்சது நானு" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

அந்தப் பெண் அவரைப் பார்க்கவேயில்லை. அவருக்குப் பின்னால் படியில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, நான் கூட உன்னை நம்பலையேம்மா" என்றாள்.