இரு பூட்டுகள் இட்ட பள்ளி

நகரி மலையின் மூக்குப் பாறையில் இளவெயில் ஏறி அமர, அடிவாரத்து மாந்தோப்புகளில் பனி உலர்ந்து இலைகள் பளபளக்க, விசைத்தறிகள் ஒவ்வொன்றாய் விழித்துக் கடகடக்க, திருப்பதிப் பெருஞ்சாலை சரக்கு ஊர்திகளால் நிறைந்து முழங்கிய அந்தக் காலைப்பொழுதில், ஆந்திரத்து நகரியின் புறத்தே வேப்ப நிழலில் நின்ற தமிழ்த் தொடக்கப்பள்ளி ஒன்று பூட்டிக் கிடந்தது. அவ்வூரின் பெயரைச் சொல்ல மாட்டேன், பெருமக்களே. சொன்னால், எந்தத் தெருவை முதலில் குறித்தாய் என்று கேட்டுக்கொண்டு என் வாசலுக்கே பூசல் வந்து சேரும்.

பூட்டைப் பார்த்து நின்றவள் தலைமையாசிரியை தாட்சாயணி. அவளைச் சுற்றிப் பைகளோடு பிள்ளைகள். பள்ளி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அன்றுதான் கல்வி அலுவலர் வருகிறார். இல்லையென்று அவர் எழுதிவிட்டால், பெருஞ்சாலைக்கு அப்பாலுள்ள தெலுங்குப் பள்ளியோடு இது இணைக்கப்படும். மூக்கு ஒழுகும் சின்னஞ்சிறுசுகள் அந்தச் சாலையைக் கடந்து, புரியாத மொழியில் விழித்துக்கொண்டு உட்கார வேண்டும். இதை மேலத்தெரு, கீழத்தெரு என்ற இரு தெருவாருக்கும் தொண்டை கட்டும்வரை சொல்லியிருந்தாள். தெரியும் டீச்சரம்மா, தெரியும் என்று தலையாட்டியவர்கள்தாம் இன்று இப்படிச் செய்திருந்தார்கள்.

அந்தக் கொடுமையை விளங்கிக்கொள்ளப் பள்ளியின் வரலாற்றைக் கேட்க வேண்டும். நூறாண்டுக்கு முன் நிலம் ஈந்தவர் மேலத்தெரு உழவர். கூலியின்றி மண் குழைத்துச் சுவர் எழுப்பியவர் நிலமற்ற கீழத்தெருவார். ஆயினும் வாயில் மேற்கே மட்டும் வைக்கப்பட்டது. சுவர் எடுத்தவர் பிள்ளைகள் சுவருக்கு வெளியே நின்று பாடம் கேட்டனர். பின்னொரு காலத்தில் கீழத்தெருவார் ஒருவர் ஊர்த்தலைவராகவே, கிழக்கே வாயில் திறந்து மேற்கை அடைத்தார். அடுத்த தலைவர் மேற்கைத் திறந்து கிழக்கை அடைத்தார். இப்படித் தலைவர் மாறுந்தோறும் வாயில் மாறி, கரும்பலகை வாங்க வேண்டிய பணமெல்லாம் செங்கல்லாய்ப் போயிற்று. இறுதியில் இரு வாயிலும் இருக்கட்டும், சாவி அந்தந்தத் தெருவிடமே இருக்கட்டும் என்று ஓர் உடன்பாடு கண்டார்கள். உலகில் வேறெங்கேனும் பள்ளியின் சாவி பள்ளியில் இல்லாமல் இருக்குமா? அங்கே அப்படித்தான் இருந்தது. நாள்தோறும் காலையில் தலைமையாசிரியை சாவி கேட்டுத் தெருவுக்குப் போவதே வழக்கமாயிற்று.

இந்த ஆண்டு நூற்றாண்டு விழா. பழைய மாணவர்கள் கூடி வாயில் வளைவு ஒன்று கட்டித் தர முன்வந்தனர். எந்த வாயிலில்? தொலைந்தது கதை. தமக்கே வளைவு என்று உறுதி கிடைக்கும்வரை தம் வாயில் திறவாது என்று இரு தெருவும் தனித்தனியே பூட்டிக்கொண்டன.

தாட்சாயணி மேலத்தெருவுக்கு ஓடினாள். பேரப்பிள்ளைகளைத் தனியார் பள்ளியின் மஞ்சள் ஊர்தியில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார் மேலத்தெருச் சாவியை வைத்திருந்த அப்பாவு. அரசுப்பள்ளியின் பெருமைக்காக அவர் உயிரையும் கொடுப்பார். பிள்ளைகளை மட்டும் கொடுக்க மாட்டார்.

"வளைவு எங்க பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சரம்மா, இப்பவே வந்து தொறக்கறேன்" என்றார்.

கீழத்தெருவில் நாகையா வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் பேத்தி ரூபா அவர் பூட்டிய கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாள். அதைச் சொன்னபோது அவர் முகம் சற்றே வாடியது. ஆனால் கை இடுப்புச் சாவியைப் பற்றிக்கொண்டது.

"எங்க நைனா வெளிய நின்னுக்கினு படிச்சாரும்மா. மொதல்ல அவங்க தொறக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதானே. ஆனால் அப்பனின் வலிக்குப் பேத்தியைத் தெருவில் நிறுத்துவதா என்று எண்ணியபோது அவளுக்குச் சினம் பொங்கியது. பேசிப் பயனில்லை என்று திரும்பி நடந்தாள்.

தெற்கே, எத்தெருவுக்கும் உரியதல்லாத முட்புதரின் ஓரம், மழையில் இடிந்த சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. அடைத்துத் தாருங்கள் என்று அவள் பல ஆண்டுகள் மன்றாடியும், அது எங்கள் பக்கம் அன்று என்று இருவரும் கைவிரித்த ஓட்டை அது. ஆடுகள் அதன்வழியே வந்து சத்துணவுக் கீரையை மேய்ந்து போகும். தாட்சாயணி சேலையைத் தூக்கிச் செருகி, முள்ளை மிதித்து ஒதுக்கி, முதலில் தான் நுழைந்து, பின் பிள்ளைகளை ஒவ்வொருவராய்க் கைதூக்கி உள்ளே இறக்கினாள்.

அலுவலர் வந்தபோது இரு வாயிலிலும் பூட்டுத் தொங்கியது. பள்ளி மூடியிருக்கிறதென்று எழுதத் தாளை எடுத்தவரின் காதில், சுவருக்கு அப்பால் பிள்ளைகள் உரக்கப் படிக்கும் ஒலி விழுந்தது. தெற்கே வாருங்கள் என்று தாட்சாயணி சுவரின்மேல் தலை நீட்டி அழைத்தாள். அவர் குனிந்து நுழைந்தார். சட்டையின் தோள்பட்டையை முள் கிழித்தது. இதென்ன பள்ளி அம்மா என்று தெலுங்கில் சீறினார்.

"பூசல் வாயில்களுக்குத்தான் ஐயா, பிள்ளைகளுக்கு இல்லை" என்றாள் அவள்.

அவர் நெடுநேரம் அமர்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். ரூபா தடுமாறாமல் படித்தாள். பள்ளி நடக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த ஓட்டை வழியே குனிந்து வெளியேறினார்.

செய்தி கேட்டு இரு பெரியவரும் மூச்சிரைக்க ஓடிவந்து ஓட்டைக்கு வெளியே நின்றனர். வளைவு இங்கேதான் எழும் என்று தாட்சாயணி அறிவித்தாள். இருவரும் ஒருசேரத் தலையாட்டினர். நல்ல மனம் வந்துவிட்டது என்று அவளும் ஏமாந்தாள்.

"இந்தச் செவுத்த மொதமொதல்ல எகிறிக் குதிச்சி இடிச்சதே எங்க நைனாதான்" என்று தொடங்கினார் அப்பாவு.

"இடிஞ்ச கல்லப் பொறுக்கிப் போட்டது யாரு?" என்றார் நாகையா.

தாட்சாயணி தலையில் கைவைத்துச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கொத்தனாரை அழைத்து ஒன்றே ஒன்று சொன்னாள்: இந்த வளைவுக்குக் கதவு வேண்டாம்.

வளைவு எழுந்தது, அதில் எவர் பெயரும் இல்லை. மேற்கிலும் கிழக்கிலும் பூட்டுகள் துருவேறித் தொங்குகின்றன. அவற்றின் சாவிகளை இருவரும் இன்னும் இடுப்பில் செருகிக் காத்து வருகிறார்கள். பிள்ளைகளோ, ஆடுகள் காட்டிய வழியில் நாள்தோறும் பள்ளிக்குப் போய் வருகிறார்கள்.