கல்லின் மூஞ்சி

எங்கள் வழிபாட்டு மண்டபத்தில் எல்லோரும் பார்த்துக் கும்பிடுகிற சுவர் சாய்ந்துவிட்டது. கல்தச்சனான என்னைக் கூப்பிட்டார்கள். சுவரின் நடுவிலிருந்த கல்லை வெளியே இழுத்தபோது, அதன் பின்பக்கத்தில் வேற்று மதத்துச் சாமி ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. முன்னோர்கள் யாருடைய ஆலயத்தையோ இடித்துக் கொண்டுவந்த கல்.

மண்டபத் தலைவர் என் மனைவியின் அண்ணன். எனக்கும் அவருக்கும் கல்யாணத்தன்றிலிருந்தே ஏழாம் பொருத்தம்.

“இத்தனை காலமும் நாம இவரைத்தான் கும்பிட்டோமா, மச்சான்?”

அவர் முகம் சுண்டிப்போனது. “வாயை மூடு. நாலு பேர் பாக்கறதுக்குள்ள அந்த மூஞ்சியைக் கொத்தி எடு. சொன்னதை மட்டும் செய். கேள்வி கேக்காத.”

நான் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் மூஞ்சி என்றால் கல்லில் வெளியே தெரிகிற பக்கம். அதில்தான் எங்கள் மறைநூலின் முதல் வரி செதுக்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஓர் எழுத்துகூட இல்லாமல் வழுவழுவென்று ஆக்கிவிட்டேன்.

மச்சான் வந்து பார்த்து, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “என்னடா பண்ணிவெச்சிருக்க?”

“மூஞ்சியைக் கொத்தச் சொன்னீங்க, கொத்திட்டேன். முதுகுல இருக்கறவரு அப்படியே சிரிச்சுக்கிட்டிருக்காரு.”