செல்லாண்டியம்மனிடம் கேட்ட பூ

என் மகன் கௌதமன் செத்து இரண்டு வருடம் ஆகிறது. அது எனக்குத் தெரியும். அவனைப் பெற்ற பாவாயிக்குத் தெரியாது.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தான் என்று ஒரு நாள் கைநீட்டிவிட்டேன். அன்றைக்கே போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்கு ஏறி ராய்ப்பூர்ப் பக்கம் போய்விட்டான். மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். வண்டி மேனேஜர் எனக்குத்தான் போன் பண்ணினார். "பையனைக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று பாவாயியிடம் சொல்லிவிட்டுப் போனவன், அங்கேயே எரித்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அவனுக்கென்று அரிசிம்பருப்புச் சோறு கட்டிக்கொண்டு நின்றாள். "வேற வண்டிக்கு மாறிட்டானாம், நம்பரும் மாத்திட்டானாம்" என்றேன். அடித்துத் துரத்திக் கொன்றவன் நான் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். வேறென்ன.

அதன்பிறகு அவளுக்குப் பார்த்ததெல்லாம் சாமி. பல்லி கத்தினால் சாமி. பால் பொங்கினால் சாமி. காக்கை வந்து கூரையில் உட்கார்ந்தால், "ஏனுங்க, பையன் பசியில்லாம இருக்கறான்னு சாமி சொல்லுதுங்க" என்பாள். இத்தனை சாமி நடமாடுகிற வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. தினமும் அவனுக்கென்று ஒரு தட்டுச் சோறு மூடி வைப்பாள். ஆறிப்போனதும் அதை நான் தின்ன வேண்டும். செத்த பிள்ளையின் சோற்றை இரண்டு வருடம் தின்றிருக்கிறேன்.

போன வாரம் அவனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினாள். அதற்குமேல் தாங்கவில்லை. என் நாக்கு எழவில்லை, அம்மனே சொல்லட்டும் என்று முடிவெடுத்தேன். "பையன் இருக்கறானான்னு மொதல்ல செல்லாண்டியம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பாத்தறலாம் புள்ள" என்றேன். துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளரளி ஒரு வெற்றிலையில், செவ்வரளி ஒரு வெற்றிலையில். மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை. மடித்தது நான். இரண்டிலும் செவ்வரளியை வைத்தேன்.

பூசாரி சின்னான் தீபம் காட்டினார். "பையன் உசிரோட இருந்தா வெள்ளையைக் குடு தாயே" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள் பாவாயி. பிரித்தாள். சிவப்பு.

அழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ, வெட்கமில்லாமல் சொல்கிறேன், பாரம் இறங்கியது. "விதி அவ்வளவுதான் புள்ள, எந்திரி" என்றேன். அவள் எழவில்லை. கையை நீட்டி மற்ற மடிப்பையும் எடுத்தாள்.

"அதைப் பிரிக்கக் கூடாதுங்க அம்மணி" என்றார் சின்னான்.

பிரித்துவிட்டாள். இரண்டு பூவையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

"ஏனுங்க பூசாரி, இதுவரைக்கும் ஆராச்சும் ரெண்டாவதைப் பிரிச்சிருக்காங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"அப்பறம் எனக்கு மட்டும் ஏன் பிரிக்கோணும்னு தோணுச்சு? ஆத்தா பக்கத்துல உக்காந்து என் கையைப் புடிச்சு இழுத்தாளுங்க. எம்பையன் இருக்கறான். இந்த மனுசன் பேச்சை நம்பாதேன்னு அவளே காட்டிக் குடுத்துட்டா."

என் வாய் அப்போதுதான் திறந்தது. "பாவாயி, அவன் செத்துட்டான் புள்ள. நான்தான் கொள்ளி வெச்சேன். சத்தியம்."

இரண்டு வருடத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. அவள் கோபப்படக்கூட இல்லை.

"இன்னும் பொய்யாங்க?" என்றாள். இரண்டு பூவையும் முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள்.

மத்தியானம் கௌதமனுக்கு எப்போதும்போலச் சோறு போட்டு மூடி வைத்தாள். எனக்குத் தட்டு வைக்கவில்லை. ஆறிய பிறகு அவன் தட்டை எடுக்கக் கையை நீட்டினேன். "தொடாதீங்க, அவன் வருவான்" என்றாள்.