நெல்லுக்குச் சொன்ன பெயர்

1955ஆம் ஆண்டு சித்திரை மாதம் முதல் சாய்ந்தமருதில் அரசாங்கம் கூப்பனுக்குக் கொடுக்கும் அரிசி கொதிக்கும்போது நூஹு என்று சொல்லத் தொடங்கியது. சத்தம் பெரிதல்ல. நுரை மூடியைத் தூக்கும் நேரத்தில், ஊர்த்தலைவர் விதானையிடம் ஓர் ஆள் தன் பெயரைச் சொல்வதுபோல ஒருதரம் சொல்லும். பச்சையரிசி கொஞ்சம் முந்தும், புழுங்கல் பிந்தும்.

நூஹு என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். சம்மாந்துறைக்கு மேற்கே நிலச் சொந்தக்காரர் மஜீட் போடியாரின் ஆறு ஏக்கரைப் பங்குக்குச் செய்தவர். செய்கைக்காரன் பிழைக்கத்தான் அரசாங்கம் புசலுக்குப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்து நெல் வாங்குகிறது என்று சந்தியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் நெல் போடச் செய்கைக்காரனின் பெயர் எழுதிய படிவம் வேண்டும். படிவம் கொடுப்பவர் சங்கத் தலைவர். தலைவர் மஜீட் போடியார். சப்பாத்து நனையும் என்று வரம்பில் கால் வைக்காத அந்த மனிதர், போகத்துக்குப் போகம் தன் பெயரையே எழுதினார். காக்காவின் பங்கை வியாபாரி விலைக்கு, ஏழு ரூபாய்க்கு, அவரே எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் இல்லாதவை எல்லாம் அந்த ஐந்து ரூபாய்தான்.

அந்த வருடம் மாசியில், கதிர் பழுத்த வயலைக் காவல் காத்த காக்காவை யானை அடித்துக் கொன்றது. பதினேழாம் நாள் கதிரில் மாடு விட்டுச் சூடு மிதித்தார்கள். சூடு மிதிக்கும் களமான களவெட்டியில் பெண்கள் கால் வைப்பதில்லை. ஆண்களும் அங்கே எவர் பெயரையும் சொல்வதில்லை. மாட்டையும் நெல் அளக்கும் மரைக்காலையும்கூட வேறு சொல்லால்தான் குறிப்பார்கள். நெல் கேட்டுக்கொண்டிருக்கும் என்பார்கள். அங்கே பட்டப்பகலில், புருஷன் இறந்தபின் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் இருந்த காக்காவின் மனைவி றுகையா மதினி வெள்ளைத் துணியோடு வந்தார். போடியார் நெற்குவியலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தத்தரமாவது படிவத்தில அவர்ட பேர எழுதுங்க போடியார். பன்னிரண்டு ரூவாப்படி பங்கத் தாங்க. மூணு புள்ளைகள்."

"மௌத்தானவன் எப்பிடிப் புள்ள கையெழுத்து வெப்பான்? கபுறுக்குப் பேனை அனுப்பவா?"

சிலர் சிரித்தார்கள். நானும் அங்கே நின்றேன். நான் சிரிக்கவில்லை, வேறொன்றும் செய்யவுமில்லை.

பத்து வருடக் குடித்தனத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்லியிராத மதினி, குவியலருகே குந்தி, முழங்கைவரை கையை நெல்லுக்குள் விட்டார். "நூஹு," என்றார். "ஒன்ன வெதச்சவர்ட பேரு நூஹு. மறந்திராத."

இத்தாவை முறித்தாள் என்று ஊர் பேசியது. தேவைக்குப் பகலில் வெளிக்கிடலாம் என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெவ்வை சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நெல் சங்கக் களஞ்சியத்துக்குப் போய், மற்ற நெல்லோடு கலந்து, ஆலையில் குத்துப்பட்டு, கூப்பன் அரிசியாகத் திரும்பி வந்து, நிந்தவூர், அட்டாளைச்சேனை, திருக்கோவில் வரை அடுப்படிகளில் பெயர் சொன்னது. மட்டக்களப்பு அரசாங்கக் கந்தோரிலிருந்து அதிகாரி ஐயா ஒருவர் வந்து, மூன்று பானை வைத்துக் கேட்டார்.

"தெளிவாத்தான் சொல்லுது," என்றார் சங்க மனேஜர் அழகரெத்தினத்திடம். "ஆனா அரிசிட வாக்குமூலம் எடுக்க நம்மளிட்டப் படிவம் இல்லையே."

சோற்றுப்பானையை இறுக மூடிச் சமைக்கவும் என்று பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. மதினிக்கு ஏழு ரூபாய்ப்படிதான் கிடைத்தது. அதிலும் சாக்கு வாடகையைக் கழித்தார்கள்.

அடுத்த பெரும்போகத்தில் முப்பத்தொரு பெண்கள் தங்கள் ஆண்களின் பெயரை நெல்லுக்குச் சொல்லக் களவெட்டிகளுக்குப் போனார்கள். எவரும் மறிக்கவில்லை. படிவங்களில் இன்றும் போடியார்மாரின் பெயர்தான் இருக்கிறது. சாய்ந்தமருதில் உலைச் சத்தத்துக்கு இப்போது யாரும் திடுக்கிடுவதில்லை. எத்தனை பெயர் வந்தது என்று கேட்டுத்தான் சோறு வடிக்கிறார்கள். மஜீட் போடியார் வீட்டில் மட்டும் அடுப்பு மூட்டும்போதே ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிடுவார்கள்.