ஹெட்ஃபோன் வந்த வீடு

மருந்துக்கடைக்காரர் கடையில் அதிகம் பேசமாட்டார். சீட்டை வாங்குவார், மாத்திரையைக் கத்தரிப்பார், "சாப்பிட்டப்புறம்" என்பார், அவ்வளவுதான். வீட்டில் அதுவும் கிடையாது. ஆனால் சாயங்காலம் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு வந்து பின்னறையில் உட்கார்ந்துவிட்டால், மனிதருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வருமோ தெரியாது. அவர் ஒரு ஹாம் ரேடியோக்காரர். பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் கம்பி இழுத்துக் கட்டி, முகம் தெரியாதவர்களோடு ஆகாயத்தில் குசலம் விசாரிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்தக் கூட்டத்தைக் கூட்டி வைப்பவர் ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டர். அவரிடம் மாட்டினால் லேசில் விடமாட்டார்.

கடைக்காரரின் மனைவி பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில். அவளுக்கு ஜலதோஷம் வந்துகூட யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெருமையே இப்போது தொந்தரவாகிவிட்டது. கொஞ்ச காலமாக வலது முழங்கால் மக்கர் பண்ணியது. யாருக்கும் தெரியாமல் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். வலி மாத்திரையைக்கூட வேறு தெருவில்தான் வாங்கினாள். மருந்துக்கடைக்காரர் பெண்டாட்டி தன் கடை வாசலில் வந்து நின்றதில் அந்தக் கடைக்காரருக்கே சங்கடமாகப் போயிற்று. ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் முழுக்குப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தலைமையாசிரியையிடம் போய் நாற்காலி வேலை ஏதாவது கேட்க வேண்டும். காலமெல்லாம் மைதானத்தில் நின்று மற்றவர்களை ஓட வைத்தவளுக்கு அதை நினைத்தாலே அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அதற்கு முன்னால் கணவரிடம் சொல்லிவிட வேண்டும். "நான் இருக்கேன்ல" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதைச் சமாளித்துவிடலாம்.

சொல்வதற்கு இடைஞ்சலாக இருந்தது ஸ்பீக்கர். ரேடியோவுக்குள்ளேயே ஒரு ஸ்பீக்கர் உண்டு. அது தகரக் குரலில் பேசுகிறது என்று அவர் தனியாக ஒரு பெட்டி ஸ்பீக்கர் வாங்கி, பிஸ்கட் டின் மாதிரி மேஜையில் உட்கார்த்தி வைத்திருந்தார். சாயங்காலமானால் வீடு முழுக்க இரைச்சல், கீச்சல், நடுநடுவே மூக்கால் பேசுகிற, சமையலறையிலிருந்து கேட்டால் ஒரு வார்த்தையும் புரியாத ஆம்பிளைக் குரல்கள். அவள் அறை வாசலில் போய் நின்று, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்குவார். யாரோ பலவீனமான சிக்னலில் பேசுகிறார்களாம், நழுவிவிடுமாம். இவளும் அன்றைக்குப் பலவீனமான சிக்னல்தான், ஆனால் அந்த மரியாதை கிடைக்கவில்லை. மூன்று நாள் இப்படி நடந்த பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினாள்.

ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்ளச் சொன்னதற்கு அவர் சட்டசபையில் எழுந்து நிற்பவர் போல வாதாடினார். காது வேர்க்கும், கண்ணாடிக் காம்பு அழுத்தும், வாசலில் யார் வந்தாலும் தெரியாது, நாள் முழுக்க கடையில் நின்றுவிட்டு வந்தவன் தலையில் சுமையையும் தாங்க வேண்டுமா என்றார். மங்கலான குரலைப் பிடிப்பதற்கு ஹெட்ஃபோன்தான் தேவலை என்பதையும் நியாயஸ்தராக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு ஸ்பீக்கர் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அவள் பேச்சை வளர்க்கவில்லை. கல்யாண நாளன்று காதை முழுசாக மூடுகிற நல்ல ஹெட்ஃபோனாகப் பார்த்து வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டாள். பரிசை வேண்டாம் என்று எந்தப் புருஷன் சொல்ல முடியும்?

போட்டுப் பார்த்ததும் மனிதர் சொக்கிப்போனார். இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார், அதாவது தலையிலேயே மாட்டிக்கொண்டார். வீடு அமைதியானது. சமையலறைக் கதவைத் திறந்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் பின்னால் நின்று, முழங்கால் விஷயத்தை முதல் முறையாக முழுசாகச் சொல்லி முடித்தாள். கையைத் தூக்கி அவர் தடுக்கவும் இல்லை. அவருக்கு எதுவுமே கேட்கவில்லை என்பது எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. காதை மூடிக்கொண்டவனுக்குத் தன் குரலே சரியாகக் கேட்காது, அதனால் தன்னை அறியாமல் கத்துவான். ஸ்பீக்கர் காலத்தில் மைக்கோடு உதட்டை ஒட்டி ரகசியம் போலப் பேசியவர், இப்போது மைதானத்துக்கே கேட்கிற மாதிரி பேசினார். எதிர்ப்பக்கக் குரல் வெளியே வராததால் தன் குரலும் வெளியே போவதில்லை என்று தாராளமாக நம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் பரவாயில்லைண்ணே. நானே தலை சீவி விட்டேன். ரெண்டு வாய் ஊட்டினேன், சாப்பிட்டா."

சமையலறையில் அவள் கை அப்படியே நின்றது. அவர் சீப்பைத் தொட்டுத் தன் தலையைச் சீவிக்கொண்டதே அபூர்வம். யாருக்குச் சீவினார்? எவளுக்கு ஊட்டினார்? கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் எந்தத் தெருவில் அந்த வீடு இருக்கிறது என்றுகூட மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாக்கியம் அவள் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது.

"கட்டின பெண்டாட்டிண்ணே. படுக்கையில கிடந்தா நான் பார்க்காம யார் பார்ப்பா?"

அவள் போய் ஹெட்ஃபோனைத் தலையிலிருந்து உருவினாள். குட்டு உடைந்தது. போஸ்ட்மாஸ்டர் ஒருநாள் தன் ஆன்டெனா மகாத்மியத்தை அவிழ்த்துவிட, தப்பிக்க வழி தெரியாமல், மனைவிக்குத் தலைவலி என்று சொல்லி வைத்தாராம். மறுநாள் அவர் மறக்காமல் விசாரித்தார். தினமும் தலைவலி என்றால் யார் நம்புவார்கள்? அதனால் மூட்டுவாதம் வந்தது, பிறகு நரம்புத் தளர்ச்சி வந்தது. மருந்து தெரிந்தவர் ஆனபடியால் நோயைத் தப்பும் தவறுமாக வளர்க்க அவருக்கு மனசு வரவில்லை. போன வருஷம் அவள் படுத்த படுக்கையானாள். அவளுக்கு நல்ல பணிவிடை நடப்பதாக வானத்தில் பேர்.

"அந்தப் பொம்பளையை ரொம்ப நல்லா பார்த்துக்கறீங்க. எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள்.

அவர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்காமல் ஒரு நிபந்தனை போட்டாள். நாளைக்கு ஹெட்ஃபோன் கூடாது, ஸ்பீக்கரைப் போட வேண்டும், தான் பக்கத்தில் உட்கார வேண்டும், படுக்கையில் போட்ட தன்னை எழுப்பி விடுவதா, உண்மையைச் சொல்வதா என்று அவர் அந்த ஆட்கள் முன்னால் அப்போது தீர்மானித்துக்கொள்ளட்டும். உண்மையைச் சொன்னால் வானத்தில் தலை காட்ட முடியாது என்று அவர் இரவெல்லாம் புரண்டார்.

மறுநாள் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் ஹெட்ஃபோன் பிளக்கைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் செருமிக்கொண்டு எழுந்தது. போஸ்ட்மாஸ்டர் வந்தவுடன் ஆன்டெனாவைப் பற்றிப் பேசவில்லை. "தங்கச்சி எப்படி இருக்காங்க, தம்பி?" என்றார். அடுத்தவரும் அதையே கேட்டார். மூன்றாவது ஆளுக்குச் சிக்னல் மோசம், இரைச்சலில் முங்கி முங்கி அவரும் அதைத்தான் கேட்டார். கேட்டுவிட்டு எல்லாரும் பதிலுக்காக அமைதியாக இருந்தார்கள். இந்தக் கேள்வியைத் தன்னிடம் கடைசியாக யார் கேட்டார்கள் என்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை. இந்த ஆட்கள் மேல் கோபமாகத்தான் வந்து உட்கார்ந்தாள், இப்போது அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

கணவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பரிதாபமாக அவளைப் பார்த்தார்.

"முழங்கால் வலிக்குதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன்னைக் கைவிடவில்லையே பெண்டாட்டி! மைக்கை அமுக்கி, உடம்பு எவ்வளவோ தேறிவிட்டது, எழுந்து உட்காருகிறாள், இப்போது பாழாய்ப்போன முழங்கால்தான் படுத்துகிறது என்று உருகினார். போஸ்ட்மாஸ்டர் பதறிப்போய், எந்தக் கால், எப்போதிலிருந்து, டாக்டரிடம் காட்டியாகிவிட்டதா என்று அடுக்கடுக்காகக் கேட்டார்.

"எந்தக் கால்னு சொல்லட்டும்?" என்று அவர் குசுகுசுவென்று அவளிடம் கேட்டார்.

"வலது. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. இனிமே நான் ஓடக்கூடாதுன்னுட்டார்."

"பிரமாதம். எவ்வளவு நாளா?"

"நீங்க ஸ்பீக்கர் வச்சிருந்த காலத்துலேருந்து."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் புடவையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிக் காட்டினாள். வீங்கிய முழங்காலை அவர் தினமும் நான்கைந்தாவது பார்க்கிறவர். கவுண்டருக்கு வெளியே நின்று காட்டுவார்கள், இவர் முழங்காலில் மாட்டுகிற பட்டையின் அளவு சொல்லுவார். இதற்கு அளவு சொல்ல வாய் வரவில்லை. ஸ்பீக்கர் இரைந்தது.

"தம்பி, கேக்குதா? தங்கச்சி எப்படி இருக்காங்கன்னு கேட்டேன்."

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்லுங்க" என்றாள் அவள். "பாவம், கவலையா கேக்கறாங்க."