பெரிய வெள்ளியில் ஒட்டிக்கொண்ட கண்ணாடி

பெரிய வெள்ளியன்று கண்ணாடி தேய்க்க உட்கார்ந்ததே தப்பு. காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மரியஜோசப்புக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அது எண்பத்தாறாம் வருஷம். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஹாலி வால்நட்சத்திரம் ஏற்காட்டு வானத்தில் நன்றாகத் தெரியப் பத்தே நாள்தான் பாக்கி. தொலைநோக்கிக்காக ஏழு மாதமாக மாங்குமாங்கென்று தேய்த்த கண்ணாடிக்கு மெருகு மட்டும் ஏறவில்லை.

குங்கிலியமும் விளக்கெண்ணெயும் காய்ச்சி ஊற்றிய பிசின் தட்டின்மேல் கண்ணாடியை வைத்து, ஈரம் காயாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் மெருகு ஏறும். கையை எடுத்தால் கண்ணாடியையும் எடுத்துவிட வேண்டும். அன்று கோயிலில் மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டதும், மனுஷன் பதறி எழுந்து வேட்டி மாற்றிக்கொண்டு மனைவி அற்புதத்தோடு ஓடிவிட்டார். பாதி ஆராதனையில்தான், கண்ணாடியைத் தட்டின்மேலேயே விட்டுவந்தது ஞாபகம் வந்தது. எழுந்து போகவும் முடியாது.

மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், இரண்டும் ஒன்றாக இறுகிக் கிடந்தன. இழுத்தார், திருகினார். அசைவேனா என்றது. வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். குளிரவைத்து ஓரத்தில் சுத்தியலால் தட்டினால்தான் பிசின் விடும். விடியும்வரை விட்டாலோ இன்னும் இறுகும்.

ஆண்டவரை ஆணியடித்துச் சிலுவையில் அறைந்த நாளில் அந்த வீட்டில் யாரும் சுத்தியலைத் தொட்டதே இல்லை.

"நொம்பத் தப்புங்க. அப்பவே சொன்னேன்" என்றாள் அற்புதம்.

அவர் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு கடைவீதி ஓட்டலில் வாங்கி வந்த ஐஸ் என்று மெல்ல மெல்லக் குளிரவைத்தார். ஓரத்தில் மரத்துண்டை அணைத்து வைத்துச் சுத்தியலை ஓங்கினார். கை இறங்க மறுத்தது. இன்று உடைந்தால் ஆண்டவரே உடைத்தார் என்றுதான் மனசு சொல்லும். நாற்பத்தெட்டு வயசு மனுஷனுக்கு, பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

அற்புதம் சுத்தியலைப் பிடுங்கினாள். "எங்கீங்க தட்டோணும்?"

"வேண்டாம் புள்ள, பாவம்."

"எடத்தக் காட்டுங்க."

காட்டிவிட்டு, கண்ணாடியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். டக். ஒன்றுமில்லை. மறுபடி டக். மூன்றாவது தட்டில் 'படக்'கென்று ஒரு சத்தம். போச்சு என்று நினைத்தார். மெல்லக் கண் திறந்தால், கண்ணாடி முழுசாக அவர் கையில் நழுவி வந்திருந்தது.

"அற்புதம், பொழச்சுதடி!" என்று சிரித்தபடி திரும்பினார்.

அவள் சுத்தியலை எறிந்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த சிலுவையின் முன் மண்டியிட்டிருந்தாள்.

"ஆண்டவரே, இந்தப் பாவம் என்னோட போகட்டும். அவர ஒண்ணும் பண்ணீராதீங்க."

மரியஜோசப் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.